அமார்ஃபிஸ் பழைய பதிவுகள்: எங்கே ஆரம்பிப்பது, எதற்குக் காசு கொடுப்பது?

ஓட்டைஸ்பீக்கர்:

எல்லாருக்கும் வணக்கம். ஃபின்லாந்து மெட்டல் பேண்ட் அமார்ஃபிஸ் பற்றி ஒரு சந்தேகம். எனக்கு இவர்கள் அறிமுகமானது 2006-இல் வந்த 'எக்லிப்ஸ்' ஆல்பத்தில். டோமி யோட்சன் பாட வந்த முதல் ஆல்பம் அது. அங்கிருந்து பின்னால் போய் 1996-இன் 'எலிஜி', 1994-இன் 'டேல்ஸ் ஃப்ரம் த தௌசண்ட் லேக்ஸ்' இரண்டையும் பிடித்தேன், ஒரு வருஷமாக வேறு எதுவும் ஓடவில்லை என்றே சொல்லலாம். அந்த கிட்டார் மெட்டுகள் இருக்கிறதே, மெட்டல் பிடிக்காத என் தங்கைகூட சமையலறையில் முணுமுணுக்கிறாள். என்ன பாட்டு என்று கேட்டால் தெரியாது என்கிறாள்.

பிரச்சனை இப்போதுதான். நண்பர் ஒருத்தர் 'பழசு' என்று பெயர் வைத்து ஒரு ஃபோல்டர் அனுப்பினார். 1991 டெமோ (கம்பெனிகளுக்கு அனுப்புகிற மாதிரிப் பதிவு), 'பிரிவிலேஜ் ஆஃப் ஈவில்' ஈபி (சில பாட்டுகள் மட்டும் உள்ள குட்டி ஆல்பம்), முதல் ஆல்பம் 'த கரேலியன் இஸ்த்மஸ்', கூடவே அப்ஹாரன்ஸ் என்று வேறொரு பேண்டின் ஃபைல்கள். நான் எதிர்பார்த்தது நாட்டுப்புற மெட்டு. காதில் விழுந்தது மிக்ஸியில் சட்னி ஓடும்போது பின்னாடி யாரோ தொண்டையைச் செருமுகிற சத்தம். இது அதே ஆட்களா?

கேள்வி இரண்டு. ஒன்று, இதையெல்லாம் எந்த வரிசையில், எதைக் கவனித்துக் கேட்டால் பிடிபடும்? இரண்டு, அந்த ஈபியின் பழைய பிரதி ஒன்று விலைக்கு வருகிறது, கொஞ்சம் கை கடிக்கிற விலை. வாங்கலாமா, இல்லை சும்மா சேகரிப்பாளர்கள் ஏற்றிவிடும் பெருமைதானா?

————

நாலாவது_ட்ராக்:

அதே ஆட்கள்தான், அதில்தான் சுவாரசியமே. 1990-இல் ஹெல்சிங்கியில் எசா ஹோலோபைனன், ஜான் ரெக்பெர்கர், டோமி கோய்வுசாரி, பாஸுக்கு ஒல்லி-பெக்கா லைனே என்று ஆரம்பித்தது. டெமோ 'டிஸ்மென்ட் ஆஃப் சோல்' 1991 ஆரம்பத்தில் பதிவானது, அப்போது எல்லாரும் இருபதைத் தொடாத பையன்கள். பதிவு செய்து கொடுத்தவர் ஸ்ட்ராட்டோவாரியஸ் பேண்டின் டிமோ டோல்கி. கோட்டை, வாள், உச்சஸ்தாயி என்று பாட்டு போடுகிற மனிதர் இந்த உறுமலை டேப்பில் ஏற்றினார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

அப்ஹாரன்ஸ் ஃபைல்களை அழித்துவிடாதீர்கள். அது கோய்வுசாரி முன்பு கிட்டார் வாசித்த பேண்ட். அமெரிக்காவின் ரிலாப்ஸ் கம்பெனி உண்மையில் தேடி வந்தது அப்ஹாரன்ஸைத்தான். அவர்கள் கேட்டு எழுதும்போது பேண்ட் கலைந்துவிட்டது. சரி, இப்போது இதுதான் வாசிக்கிறேன் என்று இவர் அமார்ஃபிஸ் டெமோவை அனுப்பிவைக்க, ஒப்பந்தம் இந்தப் பக்கம் வந்தது. 'வல்கர் நெக்ரோலட்ரி' பாட்டு உங்கள் ஃபோல்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை இருக்கும், அது அப்ஹாரன்ஸ் பாட்டு. 1990 டெமோவில் அவர்களே வாசித்தது, அப்புறம் அமார்ஃபிஸ் வாசித்தது. ஈபியில் அதைப் பாடுவதும் அப்ஹாரன்ஸின் பாடகர் யுக்கா கோலெஹ்மைனன்தான், விருந்தாளியாக வந்து பாடியிருக்கிறார்.

ஈபியின் கதை தனி. 1991-இலேயே பதிவாகிவிட்டது. இன்கான்டேஷன் பேண்டோடு ஒரு பக்கம் அவர்கள், ஒரு பக்கம் இவர்கள் என்று ஸ்ப்ளிட்டாக வரவேண்டியது. அது நடக்கவில்லை. நேராக முழு ஆல்பம் போடலாம் என்று முடிவாகி, ஸ்டாக்ஹோம் போய் சன்லைட் ஸ்டுடியோவில் டோமஸ் ஸ்கோக்ஸ்பெரியிடம் 'கரேலியன் இஸ்த்மஸ்' பதிவு செய்தார்கள், 1992-இல் வெளியானது. டப்பாவில் கிடந்த ஈபி அதற்கும் பிறகு 1993-இல்தான் வந்தது. வெளியான தேதியை மட்டும் பார்த்து ஃபோல்டரை அடுக்கினால் காலம் தலைகீழாகிவிடும். உங்கள் குழப்பத்தில் பாதி இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது எப்படிக் கேட்பது. முழுசாகப் போடாதீர்கள். 'பிளாக் எம்ப்ரேஸ்', 'மிஸரி பாத்' இந்த இரண்டு பாட்டும் ஈபியிலும் உண்டு, ஆல்பத்திலும் உண்டு. ஒரே பாட்டு, ஒரே ஆட்கள், நடுவில் ஒரு வருஷத்துக்குள்தான் இடைவெளி. ஈபியில் ஒரு தடவை, உடனே ஆல்பத்தில் ஒரு தடவை. குரலை விட்டுவிட்டு கிட்டாரை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஈபியில் இரண்டு கிட்டாரும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஈரமண் மாதிரி ஒரே கட்டியாக வரும். ஆல்பத்தில் அந்தக் கட்டி உடைகிறது, மேலே ஒரு கிட்டார் தனியாக எழுந்து ஒரு மெட்டைப் பாட ஆரம்பிக்கிறது. நீங்கள் 'டேல்ஸ்' ஆல்பத்தில் கேட்டு மயங்கினது அந்த மேல் கிட்டாரைத்தான். அது திடீரென்று 1994-இல் வானத்திலிருந்து விழவில்லை. 'சைன் ஃப்ரம் த நார்த் சைட்' பாட்டைப் போட்டுப் பாருங்கள், அங்கே கிட்டத்தட்ட முழுசாகவே வந்துவிட்டது, சும்மா உறுமலுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது.

நாட்டுப்புறம் என்றால் புல்லாங்குழல், வயலின், கூட்டத்தோடு சேர்ந்து கத்துகிற கோரஸ் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். பல பேண்டுகளில் அப்படித்தான். இவர்கள் அந்தப் பக்கம் அதிகம் போகவே இல்லை. மெட்டு மட்டும்தான் நாட்டுப்புறம், அதை வாசிக்கிற கருவி பெரும்பாலும் மின்கிட்டார்தான். அதனால்தான் அழுக்கான பழைய பதிவில்கூட அதைத் தேடி எடுக்க முடிகிறது.

————

தூசிதட்டி:

நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. மேலே இவர் சொன்ன தகவல் எல்லாம் சரி, ஆனால் பிடித்த பேண்ட் என்பதால் எல்லா டேப்பும் பொக்கிஷம் ஆகிவிடாது. 1991 டெமோவை யார் வாசித்தது என்று சொல்லாமல் போட்டால், அந்தக் காலத்தில் ஸ்வீடனிலும் ஃபின்லாந்திலும் தெருவுக்கு நாலு பேர் இப்படித்தான் வாசித்தார்கள் என்று கடந்து போயிருப்போம். பின்னாடி என்ன ஆனார்கள் என்று தெரிந்துகொண்டு கேட்பதால்தான் அதில் எல்லாமே அடையாளமாகத் தெரிகிறது. பெரிய நடிகரின் ஐந்தாம் வகுப்பு நாடக ஃபோட்டோவைப் பார்த்து, அப்பவே கண்ணுல என்ன பவர் பாருங்க என்று சொல்கிற மாதிரி.

'கரேலியன் இஸ்த்மஸ்' வேறு விஷயம், அது நல்ல டெத் மெட்டல் (உறுமல் குரலோடு வருகிற கடுமையான மெட்டல்) ஆல்பம், நாட்டுப்புறத்தை மறந்துவிட்டுக் கேட்டாலும் நிற்கும். ஆனால் அதையும் ஃபின்னிஷ் மண்வாசனை என்று சொல்லும்போது கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள். பெயர் மட்டும்தான் கரேலியா. உள்ளே 'எக்ஸைல் ஆஃப் த சன்ஸ் ஆஃப் உஷ்லியூ' என்று அயர்லாந்துப் புராணம் ஓடுகிறது, இன்னொரு பாட்டு ஏசுவின் புனிதக் கிண்ணத்தைத் தேடிப் போகிறது. கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்த பையன்களின் ஆல்பம் அது. ஃபின்லாந்தின் தேசியக் காவியமான கலேவலா பக்கம் வந்தது அடுத்த ஆல்பத்தில்தான்.

விலை விஷயம். வாங்காதீர்கள். காரணம் சொந்த அனுபவம். சில வருஷம் முன்னால் இதே ஈபியை ஆன்லைனில் ஒருத்தரிடம் வாங்கினேன், 1993 முதல் அச்சு என்று சத்தியம் பண்ணாத குறை. வந்ததைப் பிரித்தால் அட்டை மேலே எழுத்தெல்லாம் லேசாகக் கசங்கி, ஃபோட்டோகாப்பியை மறுபடி ஃபோட்டோகாப்பி எடுத்த மாதிரி. நடுவட்டத்தைச் சுற்றிக் கண்ணாடித்தனமாக இருக்கிற இடத்தில் பொறித்த எண் இருக்கவேண்டும் இல்லையா, அங்கே ஒன்றுமே இல்லை, வழுவழுவென்று இருந்தது. அடிப்பக்கம் திருப்பினால் ஊதா நிறம். வீட்டில் எரித்த சிடி! காசும் போனது, அந்த ஆள் கணக்கையும் மூடிவிட்டுப் போய்விட்டார். 'கரேலியன் இஸ்த்மஸ்' ஆல்பத்தின் 2003 மறுவெளியீட்டில் இந்த ஈபி முழுசும் சேர்ந்தே இருக்கிறது. அப்ஹாரன்ஸ் பதிவுகளையும் 2012-இல் ஸ்வார்ட் ரெக்கார்ட்ஸ் 'கம்ப்ளீட்லி வல்கர்' என்று ஒன்றாகத் தொகுத்துப் போட்டார்கள். கேட்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

————

வடகாற்று:

நான் ஃபின்லாந்தில் எஸ்போவில் இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணப் பக்கம். மெட்டல் பற்றிக் கதைக்க எனக்குத் தகுதி காணாது, மகன்தான் வீட்டில் இதுகளைப் போட்டு அதிரவைப்பான். ஆனால் இரண்டு விஷயம் சொல்லலாம்.

முதலாவது 'கரேலியன் இஸ்த்மஸ்' என்ற அந்தப் பெயர். கரேலியப் பூசந்தி என்பது ஃபின்லாந்து வளைகுடாவுக்கும் லடோகா ஏரிக்கும் இடையில் கிடக்கிற நிலம். 1940-இல் குளிர்காலப் போர் முடிந்தபோது அது சோவியத் கைக்குப் போனது. கரேலியா முழுவதிலும் இருந்து நாலு லட்சம் பேருக்கு மேல் வீடு வாசலை விட்டு மேற்கே வந்தார்கள். இங்கே வயதானவர்களிடம் கேட்டால் என்ர அம்மாவின் ஊர் அங்கே என்று சொல்லாத ஆள் குறைவு. ஆகவே ஒரு ஹெல்சிங்கிப் பையன் தன் முதல் ஆல்பத்துக்கு அந்தப் பெயரை வைத்தால், உள்ளே அயர்லாந்துக் கதை இருந்தாலும், அந்தப் பெயரைச் சும்மா என்று இங்கே ஒருவரும் நினைக்கமாட்டார்கள். அந்தப் பக்கத்தில்தான் லாரின் பாரஸ்கே என்ற பாட்டுக்காரி வாழ்ந்தாள், 1833-இல் பிறந்து 1904-இல் இறந்தவள். ஏழைப் பெண். அவள் வாயிலிருந்து எழுதி எடுத்தது மட்டும் முப்பதாயிரம் வரிக்கு மேல். இசையமைப்பாளர் சிபேலியுஸ் 1891-இல் போர்வோ என்ற ஊருக்குப் போய் அவள் பாடக் கேட்டிருக்கிறார்.

இரண்டாவது, மெட்டு. அந்தப் பழைய பாட்டுகளில் ஒரு வரிக்கு எட்டு அசை. பாடும்போது முதல் ஆறு அசையையும் சுருக்காகச் சொல்லிவிட்டு, கடைசி இரண்டையும் இழுப்பார்கள். விரலால் தட்டிப் பார்த்தால் ஐந்து தட்டு வரும். சுரமும் பெரும்பாலும் ஐந்துக்குள்தான் சுற்றும், கந்தேலே என்ற இங்கத்தைப் பழைய தந்தி வாத்தியத்துக்கும் ஐந்தே தந்திகள். ஒரு வரியைச் சொல்லிவிட்டு அடுத்த வரியில் அதையே வேறு சொல்லால் திருப்பிச் சொல்வார்கள். வரிக்குள் மோனை விழுந்துகொண்டே இருக்கும். தாலாட்டோ ஒப்பாரியோ கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிசே இல்லை. எங்கட மகன் போடுகிற பாட்டில் குரல் ஒன்றும் விளங்காது, ஆனால் கிட்டார் ஐந்து சுரத்துக்குள்ளேயே கிடந்து சுற்றும்போது ஆ இது அதுதானே என்று எனக்கே தெரியும்.

இன்னொன்று. கலேவலாவைத் தமிழில் படிக்கலாம், தெரியுமோ? ஹெல்சிங்கியில் வாழ்ந்த எங்கட எழுத்தாளர் உதயணன், ஆர். சிவலிங்கம் என்பது அவர் இயற்பெயர், ஐம்பது பாடலையும், அதாவது இருபத்திரண்டாயிரத்து எழுநூறு வரிக்கு மேல், கவிதையாகவே மொழிபெயர்த்தார். சிந்துவெளி ஆய்வாளர் அஸ்கோ பார்பொலா அறிமுகம் எழுதினார். வந்த வருஷம் 1994. மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடக்கிறது.

————

ஓட்டைஸ்பீக்கர்:

ஒரு நிமிஷம். 1994-ஆ? 'டேல்ஸ்' வந்த அதே வருஷமா?

வடகாற்று அவர்களுக்கு ரொம்ப நன்றி, நேற்று ராத்திரி தூங்கவில்லை. 'பிளாக் விண்டர் டே' எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு, வரிகள் கலேவலா என்று மட்டும் தெரியும், எந்த இடம் என்று தெரியாது. தேடிப் பிடித்தேன், 22-ஆம் பாடல். கல்யாணம் ஆகிப் புகுந்த வீட்டுக்குக் கிளம்புகிற பெண் அழுகிற இடம்! மற்றவர்களுக்கு மனசு வசந்தகால விடியல் மாதிரி இருக்கிறது, எனக்கு மட்டும் இருண்ட குளிர்காலப் பகல் மாதிரி இருக்கிறது என்கிறாள். நான் இத்தனை நாள் யாரோ போர்வீரன் சாகப்போகிறான் என்று நினைத்துக் கை முறுக்கிக்கொண்டு தலையாட்டியிருக்கிறேன். நல்லவேளை யாரும் பார்க்கவில்லை.

'ட்ரவுண்ட் மெய்ட்' ஐனோ கதை என்பதும் இப்போதுதான் பொருந்துகிறது. கிழவர் வைனாமொயினனுக்குக் கட்டிக்கொடுக்க அண்ணன் வாக்குக் கொடுத்துவிடுகிறான், அவள் தண்ணீரில் போய்விடுகிறாள், அம்மா அழுத கண்ணீர் ஆறாக ஓடுகிறது. இதையெல்லாம் உறுமலில் பாடுவது எனக்கு முன்னாடி வேடிக்கையாக இருந்தது, இப்போது அப்படித் தோன்றவில்லை.

நாலாவது_ட்ராக் சொன்னபடி பஸ்ஸில் உட்கார்ந்து 'பிளாக் எம்ப்ரேஸ்' இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டேன். முதல் மூன்று தடவை ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, சத்தியமாக. நாலாவது தடவை ஆல்பத்துப் பாட்டில் ஒரு இடத்தில் எல்லாம் மெதுவாகி, மேலே அந்த இழை மட்டும் தனியாக வந்தது. உடனே ஈபிக்குத் திரும்பிப் போய்த் தேடினால் அங்கேயும் இருக்கிறது! கலங்கின தண்ணீரில் கிடக்கிற சாவி மாதிரி. தெரிந்த பிறகு கண்ணை, சாரி காதை விட்டு விலக மாட்டேன் என்கிறது. டெமோ மட்டும் இன்னும் எனக்குச் சட்னிதான், அந்த விஷயத்தில் நான் தூசிதட்டி கட்சி.

ஈபி வாங்கவில்லை. விற்கிறவரிடம் நடுவட்டத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன், இன்னும் பதில் இல்லை.

————

நாலாவது_ட்ராக்:

பதில் வராது, விடுங்கள்.

எக்லிப்ஸிலிருந்து வருகிறவருக்கு முதலிலேயே சொல்லியிருக்கவேண்டியது ஒன்று விட்டுப்போனது. 2010-இல் 'மேஜிக் அண்ட் மேஹெம்' என்று முதல் மூன்று ஆல்பத்திலிருந்து எடுத்துப் புதுசாக வாசித்துப் போட்டார்கள், யோட்சன் குரலில். அதில் அந்த அயர்லாந்துப் பாட்டும் 'சைன் ஃப்ரம் த நார்த் சைட்' பாட்டும் இருக்கின்றன. மெட்டு எங்கே இருக்கிறது என்று காதுக்குக் காட்டிக்கொடுக்க அது உதவும். காட்டிக்கொடுத்த பிறகு மூடி வைத்துவிட்டு 1992-க்கே போய்விடுங்கள். எல்லாம் சுத்தமாக, எல்லாம் சரியாக, தாளம் துளி பிசகாமல் இருக்கிறது, ஆனால் பயம் போய்விட்டது. பழையதில் அடுத்த ரிஃப்புக்கு (திரும்பத் திரும்ப வருகிற கிட்டார் துணுக்கு) போகிற இடத்தில் ட்ரம்ஸ் ஒரு நொடி தயங்கும், எல்லாரும் சேர்ந்து விழுந்துவிடுவார்களோ என்று இருக்கும், விழமாட்டார்கள். அந்தத் தயக்கத்துக்காகவே நான் கேட்பேன்.

'டேல்ஸ்' காலத்துச் சில்லறைகளையும் விடாதீர்கள். 'பிளாக் விண்டர் டே' ஈபியில் 'மூன் அண்ட் சன்' என்று இரண்டு பாகமாக ஒன்று வரும், ஆல்பத்தில் இல்லாதது. அப்புறம் த டோர்ஸின் 'லைட் மை ஃபயர்' பாட்டை உறுமலில் பாடியிருக்கிறார்கள். இது நல்லதா கெட்டதா என்று எனக்கும் என் மச்சானுக்கும் பல வருஷமாக வழக்கு நடக்கிறது. காஸ்பர் மார்டென்சன் என்கிற கீபோர்டுக்காரர் வந்து மூக் சின்தசைஸரோடு இவர்களை எழுபதுகள் பக்கம் இழுத்துக்கொண்டு போன காலம் அது. ஒரே ஆல்பத்தோடு அவர் கிளம்பிவிட்டார், எனக்கு அது இன்னும் வருத்தம்தான்.

————

தூசிதட்டி:

சில்லறை என்று வந்தால் 1997-இன் 'மை கந்தேலே' ஈபியைச் சொல்லாமல் விட்டீர்களே. எல்லாவற்றிலும் அதுதான் எனக்கு உசத்தி. ஹாக்விண்ட் பேண்டின் பாட்டு ஒன்று, கிங்ஸ்டன் வால் பேண்டின் பாட்டு ஒன்று, கூடவே 'மை கந்தேலே' அக்கூஸ்டிக்காக. அந்த வரிகள் கந்தேலதார் என்ற நாட்டுப்பாடல் தொகுப்பில் வருபவை, கலேவலாவைத் தொகுத்த அதே லோன்ரோட் 1840-இல் தொகுத்தது. கந்தேலேயைக் கடவுள் மீன் எலும்பில் செய்தார் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள், அது துக்கத்திலிருந்து செய்யப்பட்டது என்று போகும். அதாவது கலேவலாவில் வைனாமொயினன் பெரிய மீனின் தாடை எலும்பில் கந்தேலே செய்கிற கதைக்கே எதிர்ப்பாட்டு. டெத் மெட்டல் பையன்களாக ஆரம்பித்தவர்கள் ஆறு வருஷத்தில் இங்கே வந்து நிற்கிறார்கள். பழசு வேண்டும் என்றால் இதைக் கேளுங்கள் ஐயா, டெமோ எதற்கு.

————

வடகாற்று:

மகனிடம் இதைக் காட்டினேன். டெமோவைக் குறை சொன்ன ஆளின் பெயர் என்ன என்று கேட்கிறான். நான் சொல்லவில்லை.

ஓட்டைஸ்பீக்கர் தம்பி, 22-ஆம் பாடலோடு நிறுத்தவேண்டாம், 41-ஐயும் பாருங்கள். வைனாமொயினன் கந்தேலே வாசிக்க, காட்டில் இருக்கிற மிருகம் எல்லாம் வந்து கேட்கும், கடைசியில் வாசித்த கிழவனே அழுதுவிடுவார். தமிழில் வாய்விட்டுப் படியுங்கள், மனதுக்குள் படித்தால் மோனை தெரியாது.

————

ஓட்டைஸ்பீக்கர்:

41 இன்றைக்கு ராத்திரி. தங்கையிடம் அவள் முணுமுணுக்கிற மெட்டு எது என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டேன், 'ஆன் ரிச் அண்ட் புவர்', எலிஜியில் வருவது. அசல் பாட்டைப் போட்டுக் காட்டினேன். உறுமல் வந்ததும் எழுந்து போய்விட்டாள். ஆனால் பாத்திரம் கழுவும்போது மறுபடியும் அதேதான்.

விற்பவரிடமிருந்து பதில் வந்தது. நடுவட்ட ஃபோட்டோ இல்லை, விலையில் முந்நூறு குறைக்கிறேன் என்கிறார்.